செப்பாங் வெயிலில் பழைய எம்எக்ஸ்-5: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிப்பது

போன டிராக் நாளில் (சொந்தக் காரை ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) பக்கத்து பிட்டில் நின்ற ஒரு தம்பி, "அண்ணே, பிரேக் மிதி தரைவரைக்கும் போகுது" என்று வந்தார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு சாமான் சொன்னார்கள். ஒருவர் பெரிய டிஸ்க் போடச் சொன்னார். இன்னொருவர் நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் பாகம்) என்றார். மூன்றாமவர், மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரே போச்சு என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. கார் வாங்கி மூன்று வருஷமாம். வேறென்ன வேண்டும்?

பழைய எம்எக்ஸ்-5-க்குச் சாமான் சுலபமாகக் கிடைக்கும். அதனாலேயே காரணம் தெரியுமுன் கை பணப்பைக்குப் போய்விடுகிறது. நான் பார்த்தவரையில், டிராக்கில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டு சங்கதிகளில் அடங்கிவிடும்: ஒன்று சூடு, இன்னொன்று முப்பது வருஷத்து ரப்பர். எனவே கீழே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை முதலில், சாமான் மாற்றுவது கடைசியில்.

பேசுவது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். முதலில் 1,597 சிசி இன்ஜின் (1.6), பிறகு 1,839 சிசி (1.8). எடை ஒரு டன்னுக்குள்தான். என்னிடம் இருப்பது 1990 மாடல், சின்ன இன்ஜின். ஓட்டுவது மலேசியாவின் செப்பாங் ரேஸ் தடத்தில்: 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், இரண்டின் முடிவிலும் காரை ஏறக்குறைய நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டிய வளைவு. குளிர்நாட்டுக்காரர்கள் இந்தக் காரைப் பற்றி எழுதும் ஆலோசனைகள் நல்லவைதான். ஆனால் 33 டிகிரி வெயிலில் அவர்கள் "போதும்" என்று சொல்வது நமக்குப் போதாது.

பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போகிறது

நான்கைந்து சுற்றுக்குப் பிறகு, முதல் வளைவுக்கு முன்னால் மிதித்தால் கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் மிதி மேலே வருகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயிலுக்குள் ஆவிக் குமிழ் உண்டாகிறது, மிதிக்கும்போது அந்தக் குமிழ்தான் நசுங்குகிறது. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கார் ஆறியதும் ஆவி திரும்பவும் திரவமாகி மிதி கெட்டியாகிவிடும். "சரியாகிடுச்சு" என்று அடுத்த செஷனுக்குப் போனால், இந்த முறை இன்னும் சீக்கிரமாகக் கொதிக்கும்.

டாட் 4 தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயில் ஈரத்தை உறிஞ்சியபின் அந்த அளவு 155 டிகிரிதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆகவே ரேஸுக்கான, 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆயில் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள், ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னாலும் நான்கு சக்கரத்திலும் கொஞ்சம் வடித்துவிடுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் கார் என்பதால் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரம் பின் இடது சக்கரம். அங்கே தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். திறந்து பாதி மீந்த டப்பாவைப் பத்திரப்படுத்தி அடுத்த வருஷம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மிச்சம் பிடிக்கிற இடமில்லை.

ஆயில் புதிது, ஆனாலும் கொதிக்கிறதா? பேடின் (டிஸ்க்கில் உரசும் கட்டையின்) கனத்தைப் பாருங்கள். தேய்ந்து மெலிந்த பேட், டிஸ்க்கின் சூட்டை நேராகப் பிஸ்டனுக்குக் கடத்தும். சாலையில் கடைசி இரண்டு மில்லிமீட்டர்வரை ஓட்டலாம். டிராக்கில் பாதி தேய்ந்ததும் எடுத்துவிடுவது என் வழக்கம்.

இன்னொரு வகை உண்டு. மிதி சூடாக இருந்தாலும் ஆறியிருந்தாலும் ஒரே மாதிரி ஆழமாகப் போகும். அதற்கும் கொதிப்புக்கும் சம்பந்தமில்லை. இந்தக் காரில் முதல் சந்தேகம் பின் காலிப்பர்மேல்தான். கைபிரேக் பொறிமுறை அதற்குள்ளேயே இருக்கிறது, தானே இறுக்கிக்கொள்ளும் வேலையைச் சரியாகச் செய்யாமல் விட்டுவிடும். காலிப்பரின் பின்புறம் ஒரு மூடி போல்ட், அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி நுழையும் திருகு. பேட் டிஸ்க்கைத் தொடும்வரை இறுக்கி, சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்குச் சற்றே தளர்த்துங்கள். பத்து நிமிஷ வேலை. புது மாஸ்டர் சிலிண்டர் போட்டும் சரியாகாத கார்கள் இதில் சரியாகிப் பார்த்திருக்கிறேன். அதே சமயம் காலிப்பர் சறுக்கும் பின்களையும் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் போட்டுவிடுங்கள். பேட் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் ஆப்பு மாதிரி மெலிந்தும் தேய்ந்திருந்தால் அந்தச் சறுக்கும் பின் இறுகியிருக்கிறது.

மிதி கெட்டியாக இருக்கிறது, கார்தான் நிற்கவில்லை

இது பேடின் வேலை. சாலைக்கான பேட் அளவு மீறிச் சூடானால் பிடிப்பை விட்டுவிடும். கருகிய வாடை வரும், பேட் முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். டிராக் பேட் போடுவதுதான் வழி. இந்தக் காருக்கு நான் முதலாவதாகச் செய்யச் சொல்லும் மாற்றமும் அதுவே. 1.6 காரின் முன் டிஸ்க் 235 மி.மீ., 1.8 காருடையது 255 மி.மீ. பெரியதைச் சின்னக் காரில் மாட்டிக்கொள்ளலாம், பலரும் செய்கிறார்கள். ஆனால் நல்ல பேடும் புது ஆயிலும் போட்டபின்னும் போதவில்லை என்றால் மட்டும்.

மிதித்தால் ஸ்டியரிங் அதிர்கிறது என்றால் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது. சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்து மிதியை அழுத்தியபடியே நிற்பதாலும் கைபிரேக் இழுப்பதாலும் வருவது இது. கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள். திட்டு லேசானதென்றால் ஆறிய டிஸ்க்கோடு போய், நல்ல வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தமாக, ஆனால் முழுவதும் நிற்காமல் பிரேக் பிடித்தால் உரிந்துவிடும்.

சூட்டு முள் ஏறுகிறது

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்றக் கோளாறெல்லாம் அன்றைய நாளைக் கெடுக்கும், இது இன்ஜினைக் கெடுக்கும்.

முதலில் முள்ளைப் பற்றி. டேஷில் இருக்கிற முள் நடுவில் நிற்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அது நகரத் தொடங்குவதற்குள் விஷயம் கைமீறியிருக்கும். எண்ணில் காட்டும் தனி மீட்டர் ஒன்றை, சிலிண்டர் ஹெட்டின் பின்புறத் தண்ணீரை அளக்கும்படி மாட்டுங்கள். ஏன் பின்புறம் என்பது கீழே வரும்.

எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை. நெரிசலில் நின்றால் சூடு, வேகமாகப் போனால் சரியாகிறது என்றால் மின்விசிறி, அதன் ரிலே, அதன் வயர். டிராக்கில் இதனால் பெரிய தொல்லை இல்லை. நெரிசலில் ஒன்றுமில்லை, நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது ஏறுகிறது என்றால் இரண்டில் ஒன்று: ரேடியேட்டருக்குள் தண்ணீர் சரியாக ஓடவில்லை, அல்லது அதற்குள் காற்று போகவில்லை.

காற்றைப் பார்ப்பதற்குச் செலவில்லை. காருக்கு அடியில் குனியுங்கள். முன் பம்பரிலிருந்து இன்ஜினுக்கு அடிவரை ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் எத்தனையோ பட்டறைகளில் எண்ணெய் மாற்றக் கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். இந்தக் காரின் வாய் சின்னது. அந்தத் தட்டு இல்லாவிட்டால் உள்ளே வந்த காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் அடியில் தப்பித்துப் போய்விடும். என் காரில் அது இல்லை என்பதே எனக்கு எட்டு மாதம் தெரியாது. அதற்குள் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) இரண்டு மாற்றியிருந்தேன். ரேடியேட்டரின் பக்கவாட்டு இடுக்குகளையும் ஸ்பான்ஜ் பட்டை வைத்து அடைத்துவிடுங்கள்.

அடுத்தது ரேடியேட்டர். மேல்தொட்டி கருப்பு பிளாஸ்டிக். அது பழுப்பாகவோ பச்சை கலந்த மண் நிறமாகவோ மாறியிருந்தால் மறுபேச்சு வேண்டாம், மாற்றிவிடுங்கள். அது வெடிக்கும் தயாரிப்பில் இருக்கிறது. மூடியும் கவனிக்கப்பட வேண்டியது. 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய மூடி அது, அந்த அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் இறுகிய மூடி அழுத்தத்தை விட்டுவிடும், கூலன்ட் சீக்கிரமே கொதித்து வெளியேறும். புது மூடியின் விலை இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு.

கூலன்ட் விஷயத்தில் இரண்டு தப்பு நடக்கிறது. குழாய்த் தண்ணீரை ஊற்றுவது ஒன்று. அது உள்ளே துருவையும் உப்புப் படிவையும் வளர்க்கும். டப்பாவில் எழுதியிருக்கிறதே என்று பாதிக்குப் பாதி கலப்பது இன்னொன்று. பனி உறையாத நாட்டில், தண்ணீர் உறையாமல் காக்கும் கிளைக்கால் அவ்வளவு தேவையில்லை, தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். நான் காய்ச்சி வடித்த தண்ணீரோடு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூலன்ட் கலக்கிறேன்.

இவ்வளவும் சரி, ஆனாலும் ஏறுகிறது என்றால் இன்ஜினின் பிறப்பைப் பார்க்க வேண்டும். இது முதலில் குறுக்குவாட்டில் மாட்டும் குடும்பக் காருக்காகச் செய்த இன்ஜின். அதில் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். இந்தக் காரில் நீளவாட்டில் திருப்பி வைத்தபோது, பின்முனை வாசல் காரின் தடுப்புச் சுவரை ஒட்டிப் போனதால் அதை அடைத்து, நுழைவது வெளியேறுவது இரண்டையும் முன்பக்கமே வைத்துவிட்டார்கள். அதனால் நான்காவது சிலிண்டருக்குப் போய்ச் சேரும் தண்ணீர் குறைவு. தெர்மோஸ்டாட்டைப் பின்முனைக்கு மாற்றும் வேலைக்குத் தனிக் கிட்டே கிடைக்கிறது. சாலைக்கு இது தேவையே இல்லை. செப்பாங்கில் இருபது நிமிஷம் விடாமல் ஓட்டுகிறவருக்குத் தேவை. டர்போ போடும் எண்ணமிருந்தால், டர்போவுக்கு முன்னால் இது.

கசிவே தெரியவில்லை, ஆனால் கூலன்ட் அளவு மட்டும் குறைகிறது. அல்லது இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழ் வருகிறது. அல்லது ஹோஸ் ஸ்டார்ட் செய்த நிமிஷமே கல்லாக இறுகுகிறது. இவற்றில் ஒன்றிருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகப்படுங்கள், அன்றைக்கு ஓட்டாதீர்கள். புகை வாயு கலந்தால் நிறம் மாறும் சோதனைத் திரவம் இருக்கிறது, நல்ல பட்டறையில் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஓடும்போதே முள் ஏறினால்: ஹீட்டரை முழுச் சூட்டில், விசிறியை முழு வேகத்தில் போடுங்கள். வேகத்தைக் குறைத்து, உயர்ந்த கியரில் ஒரு சுற்று வாருங்கள். கால் வேகும், பரவாயில்லை. சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

டிக் டிக் சத்தம், ஆயில் முள், நீலப் புகை

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே தையல் இயந்திரம் மாதிரி டிக் டிக் என்று கேட்டு, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் வால்வு லிஃப்டர். ஆயில் அழுத்தத்தால் தானே இடைவெளி சரிசெய்துகொள்ளும் வகை அது, அழுக்கு அடைத்தால் சத்தம் போடும். பயப்பட வேண்டாம், ஆயிலை அடிக்கடி மாற்றினால் பெரும்பாலும் குறையும். சூடான பிறகும் விடாமல் கேட்டால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். மொத்தக் கொள்ளளவே மூன்றரை லிட்டர் போலத்தான், அதில் ஒரு லிட்டர் குறைந்தால் வேகமான வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் குச்சியை இழுத்துப் பாருங்கள். 1995-க்குப் பிந்தைய கார்களில் ஆயில் அழுத்த முள் வெறும் சுவிட்ச்தான்: இருக்கிறது, இல்லை, இரண்டையும் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது.

முடுக்கும்போது நீலப் புகை என்றால் பிஸ்டன் வளையம். நீண்ட பிரேக்குக்குப் பிறகு மறுபடி முடுக்கும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு கொத்து புகை என்றால் வால்வு சீல். நீண்ட வளைவு முடிந்ததும் மட்டும் என்றால் ஆயில் காற்றுக்குழாய் வழியாக இன்டேக்குக்குள் போகிறது, இடையில் அந்த ஆயிலைப் பிடித்துவைக்க ஒரு பிடிதொட்டி வையுங்கள்.

இன்ஜினின் பின்புறம் எண்ணெய் வடிந்து கியர்பாக்ஸ் ஓரம் சொட்டினால் பின் சீல் என்று கியர்பாக்ஸை இறக்கிவிடாதீர்கள். ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் கோண சென்சாரின் ஓ-ரிங் இறுகியிருக்கும். சில்லறைக் காசுச் சாமான். கழற்றுமுன் அது இருந்த நிலையைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங் நகர்ந்துவிடும்.

இழுக்கும்போது தடுமாறுகிறது

உயர்ந்த கியரில் முழுதாக முடுக்கும்போது மட்டும் இருமுகிறது என்றால் பிளக் வயர். இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, வயர்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நீலப்பொறி குதிப்பது தெரியும். கைவைக்காதீர்கள். நீண்ட வளைவில் மட்டும் இழுவை விட்டுவிட்டு வருகிறது என்றால் பெட்ரோல் அளவைப் பாருங்கள். டாங்க் அரைக்குக் கீழே இருந்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

முதல் இரண்டு வருஷத்துக் கார்களுக்கு இன்னொரு பயம் உண்டு. 1991 நடுப்பகுதிவரை வந்த 1.6 இன்ஜின்களில் கிராங்க் தண்டின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டையானது. கிராங்க் புல்லியில் நான்கு வெட்டுகள் இருந்தால் அந்த வகை, எட்டிருந்தால் பிந்தையது. டைமிங் பெல்ட் மாற்றும்போது புல்லி போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் முடுக்காமல் விட்டால், சாவித் துண்டு தளர்ந்து பள்ளத்தையே தின்றுவிடும். சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், டைமிங் சொன்னபடி நிற்காது, ஓடும்போது புல்லி தள்ளாடும். என்னுடையது நான்கு வெட்டு. ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னாலும் டார்ச் அடித்துப் புல்லியைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

ஊளை, ஆட்டம், டயர்

நேராகப் போகும்போது லேசான ஊளை, வளைவில் அது கூடினால் சக்கர பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் பாரம் விழும் இடப்பக்கச் சக்கரம். ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒட்டும் டயர் போட்டால் முன் ஹப் சீக்கிரம் போய்விடும். அதை எண்ணெய் மாதிரி அவ்வப்போது மாற்றும் பொருளாக நினைத்துக்கொள்வது நல்லது. சக்கர நட்டுகளை 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, முதல் செஷன் முடிந்து ஆறியதும் மறுபடி பாருங்கள்.

செப்பாங் கடிகாரச் சுற்று, எனவே இடது முன் டயரின் வெளியோரம்தான் முதலில் தேயும். தேய்ந்தால் டயரைத் திட்டாதீர்கள், கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) போதவில்லை. முன்னால் மைனஸ் இரண்டரையிலிருந்து மூன்று டிகிரி, பின்னால் அதைவிட அரை டிகிரி குறைவு, முன் டோ (சக்கரங்களின் முன்னோரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின் டோ சற்றே உள்நோக்கி. காற்று, ஆறிய டயரில் 26 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள், சூடானதும் 30-ஐ ஒட்டி வரும்படி காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சரிசெய்யுங்கள். டயர் தோளில் சாக்பீஸ் கோடு போட்டால் எவ்வளவு மடங்குகிறது என்று தானே காட்டும். நேற்றுவரை நேராக ஓடிய கார் கெர்ப் (தட ஓரத்து மேட்டுப் பட்டை) ஏறியபின் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் போல்ட் நழுவியிருக்கும். சரிசெய்தபின் அந்தப் போல்ட்டின்மேல் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள், அடுத்த முறை ஒரு பார்வையில் தெரியும்.

கிளட்ச் மிதி மேலே வரவில்லை

சத்தமாக நுழையும் கியரும் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும் மிதியும் சேர்ந்து வந்தால் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது மிதியின் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் பாகம். இந்தக் காரில் அடிக்கடி போகும் சாமான். அதன் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமிருந்தால் முடிந்தது கதை. இரண்டு போல்ட், ஒரு பைப், மாற்ற அரை மணி நேரம். ஒன்றை எப்போதும் காரின் டிக்கியில் வைத்திருங்கள்.

வைத்திருக்காமல் நான் ஒரு முறை செப்பாங்கிலிருந்து வீடு வந்திருக்கிறேன். இன்ஜினை அணைத்து முதல் கியர் போட்டு, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரே காரைத் தள்ளிக்கொண்டு கிளம்பும், முன்னால் ஆளில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது ஆக்சிலரேட்டரை லேசாக விட்டு கியரை நியூட்ரலுக்கு இழுத்து, சுழற்சி இறங்கும் நேரத்தில் அடுத்த கியரை மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தால் தானே விழும். நிற்காமல் போகும்வரை பிரச்சினை இல்லை. நெடுஞ்சாலையில் அப்படித்தான் ஒழுங்காக வந்தேன். டோல் சாவடியில்தான் எனக்கு முன்னால் நின்றவரின் அட்டையில் காசில்லை.